வழி தவறியதை யாரும் சொல்லவில்லை

வீடியோ கேமில் தோற்பது பற்றி எனக்குப் பெரிய மனக்குறை கிடையாது. பள்ளத்தில் விழுந்தால் விழுந்தது தெரிகிறது. நெருப்பு உருண்டை பட்டால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது தெரிகிறது. அடுத்த தடவை கொஞ்சம் முன்னதாகக் குதித்தால் போயிற்று. எனக்குத் தீராத கோபம் ஒரே ஒரு வகை லெவல் மேல்தான்: புதிர்ப்பாதை. அது ஆளைக் கொல்வதில்லை, நடக்க விடுகிறது. நடக்க நடக்க, இது ஏற்கெனவே வந்த இடம்தானோ என்ற சந்தேகம் மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல அங்கே ஒரு நாதி இருக்காது.

எழுபதுகளின் இறுதியிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை வந்த விளையாட்டுகளில் இந்த வகை லெவலுக்குப் பஞ்சமே இல்லை. இப்போது அவற்றை ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அந்தக் காலத்து விளையாட்டுகள் மூளைக்கு வேலை கொடுத்தன என்கிறார்கள். சில கொடுத்தன. சில நம் பொறுமைக்கு மட்டும் வேலை கொடுத்தன. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் வளர்ந்தது குன்னூரில், கோத்தகிரி சாலையில், வண்டிச்சோலையைத் தாண்டி. தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்த டிவி கேம், 1983-இல் நின்டென்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் எந்திரத்தின் நகல். அப்பா கோவையில் வாங்கி வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். லேபிளில் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஐந்தாறு விளையாட்டுகளே பெயரையும் தொடங்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும். கையேடு கிடையாது. அட்டைப்பெட்டியில் இருந்த படத்துக்கும் உள்ளே இருந்ததற்கும் சம்பந்தம் கிடையாது.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குன்னூர்ப் பக்கம் பள்ளிகளுக்கு விடுமுறை விடுவார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும், மலை ரயில் நின்றுபோகும், நாங்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். கம்பி மேல் மரம் விழும்வரை மின்சாரம் இருக்கும். விழுந்தால், எங்கே இருந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். ஆட்டத்தைச் சேமித்துவைக்கும் வசதி அந்தக் கேசட்டில் கிடையாது.

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1985-இல் வந்த விளையாட்டு. எட்டு உலகங்கள்; உலகத்துக்கு நான்கு லெவல்கள்; ஒவ்வோர் உலகின் நான்காவது லெவலும் ஒரு கோட்டை. 1-2, அதாவது முதல் உலகின் இரண்டாவது லெவலில் கூரைக்கு மேலே ஏறி ஓடினால் நேராக நான்காம் உலகத்துக்குப் போகும் குழாய் ஒன்று உண்டு. அது குன்னூரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே எல்லாரும் வெகு சீக்கிரத்தில் 4-4 கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் அங்கேயே நின்றார்கள்.

அந்தக் கோட்டையில் தனியாகச் சொல்லும்படி எதுவும் இருக்காது. சாம்பல் நிறச் செங்கல், கீழே எரிமலைக் குழம்பு, மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம். ஓடலாம். ஓடினால் செங்கல், குழம்பு, தளம். மறுபடி செங்கல், குழம்பு, தளம். கோட்டை முடியாது. பின்னால் திரும்பிப் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த விளையாட்டில் திரை வலப்பக்கம் மட்டுமே நகரும். இடப்பக்க விளிம்பு ஒரு சுவர். திரும்பிப் பார்க்க முடியாத புதிர்ப்பாதை என்பதே ஒரு விபரீதக் கற்பனை. கடிகாரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் இசை வேகமெடுக்கும். அந்தக் கடிகாரத்தின் ஓர் அலகு ஒரு விநாடிகூட அல்ல. மூல எந்திரத்தில் 0.4 விநாடி. கடைசியில் நேரம் தீர்ந்து மாரியோ செத்துப்போவான். எதற்காகச் செத்தான் என்று கேட்டால், நடந்ததற்காக.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அரைமணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு விளையாட விடும் கடை ஒன்று இருந்தது. ஒரு மர பெஞ்சு, இரண்டு டிவி, சுவரில் முருகன் காலண்டர். அந்தக் கடைக்காரர் 4-4 கோட்டைக்கு ஒரு நோயறிதல் வைத்திருந்தார்: கேசட்டில் தூசி. யாராவது கோட்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எழுந்து வருவார், எந்திரத்தை அணைப்பார், கேசட்டை உருவி இரண்டு முறை ஊதுவார், சட்டை நுனியால் துடைத்து மறுபடி செருகுவார். ஆட்டம் 1-1-இல் தொடங்கும். அந்த வைத்தியத்தால் அவருடைய அரைமணி வியாபாரம் நன்றாக நடந்தது.

அவரைக் குறைசொல்ல முடியாது. நகல் எடுத்த கேசட்; நகல் எடுத்த எந்திரம். சில விளையாட்டுகள் உண்மையாகவே பாதியில் உறைந்து நிற்கும். சிலவற்றில் எழுத்துகள் சிதறிக் கிடக்கும். அந்தச் சூழலில் ஒரே இடம் திரும்பத் திரும்ப வந்தால், அது வடிவமைத்தவரின் புதிரா, நகலெடுத்தவரின் கோளாறா? அமெரிக்கச் சிறுவனுக்குக் கையேடு இருந்தது, மாதாமாதம் பத்திரிகை வந்தது, தொலைபேசியில் கேட்டால் துப்புச் சொல்ல ஆள் இருந்தது. தான் ஒரு புதிருக்குள் இருப்பதாவது அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அதுவே தெரியாது. குன்னூரில் 4-4 கோட்டையின் முதல் புதிர், அது புதிர்தானா என்பது.

வழி தவறுவது மலைக்காரர்களுக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் சாலையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. தேயிலைக்குள் இறங்கிக் குறுக்கே போய்விடுவார்கள். வண்டியை நிறுத்திப் படமெடுக்கிற சுற்றுலாப் பயணிக்குத் தேயிலைத் தோட்டம் ஒரு பச்சைப் பரப்பு. உள்ளே இறங்கினால் பெரியவர்களுக்கு இடுப்பு உயரம், பிள்ளைகளுக்கு நெஞ்சு உயரம். நிரைக்கு நிரை ஒரே செடி, ஒரே அளவு இடைவெளி, நிழலுக்காக அளந்து நட்ட சில்வர் ஓக் மரங்கள். இதன் மேல் மேகம் இறங்கினால் முன்னால் போகிறவனின் புத்தகப்பை மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியாது.

ஆனாலும் அங்கே யாரும் வெகுநேரம் தொலைந்துகிடந்ததாக எனக்கு நினைவில்லை. மலை ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும். முதலில் கால் சொல்லும்: ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதற்குக் கண் தேவையில்லை. மழைநீர் வடிய வெட்டிய கான்கள் எல்லாம் கீழே ஓடையில் சேரும்; ஓடை எப்படியும் ரோட்டுப் பாலத்தின் அடியில் வந்துதான் தீரும். செடியும் சொல்லும். தேயிலையை நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவார்கள். தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் வெட்டமாட்டார்கள். அதனால் ஒரு துண்டில் செடிகள் முழங்காலளவுக்கு வெறும் குச்சியாக நிற்கும், பாதையைத் தாண்டினால் அடுத்த துண்டு தழைத்து மூடியிருக்கும். மூடுபனியில் கையை நீட்டிச் செடியின் உயரத்தைத் தடவிப் பார்த்தே எந்தத் துண்டில் நிற்கிறோம் என்று சொல்லிவிடுகிற அக்காமார்கள் உண்டு. பிறகு சத்தம். கொழுந்து வாடவைக்கிற, உலர்த்துகிற எந்திரங்களின் இரைச்சல் ஃபேக்டரியிலிருந்து வந்துகொண்டே இருக்கும்; அது பெரிதாகிறதா சிறிதாகிறதா என்று கேட்டுக்கொண்டே நடக்கலாம். இலை வாடும் வாசனை காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடும்.

பயம் வேறு விஷயத்தில் இருந்தது. மேகத்துக்குள் காட்டெருமை நின்றால் பத்தடியில்தான் தெரியும். கொஞ்சம் மூச்சுச் சத்தம், செடி முறியும் சத்தம், அப்புறம் கறுப்பாக ஒரு சுவர். அது திரும்பி நம்மைப் பார்க்கும். பார்த்துக்கொண்டே நாம் பின்வாங்க வேண்டும். வந்த வழி அப்போது எவ்வளவு அருமையான பொருள் என்பது அந்த இடத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். மலையில் வந்த வழி எப்போதும் திரும்பும் வழி. மேற்கே பத்தடி போய், கிழக்கே பத்தடி வந்தால் நின்ற இடத்தில் நிற்போம். இதைச் சட்டம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மீறக்கூடியது என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

வீடியோ கேம்களுக்குத் தோன்றியது. அதிலும் முதலில் தோன்றியது, உண்மையாகவே குகைகளில் தவழ்ந்து அளந்த ஒருவருக்கு. வில் கிரவுத்தர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் கணினி நிரலராக இருந்தார். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் வேலை செய்தவர். விடுமுறைகளில் மனைவி பட்ரிசியாவோடு கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைகளை அளந்து வரைபடம் போடுவார். 1972-இல் பிளின்ட் ரிட்ஜ் குகைத்தொடரும் மாமத் குகையும் ஒன்றுதான் என்று கண்டுபிடித்த குழுவில் பட்ரிசியா இருந்தார். பிறகு இருவருக்கும் மணமுறிவு ஏற்பட்டது. தன் மகள்களுக்காக, 1975, 76 வாக்கில் கிரவுத்தர் எழுதியதுதான் அட்வென்ச்சர்: படமே இல்லாத, சொற்களால் மட்டும் ஆன குகை விளையாட்டு. அதன் ஒரு பகுதியில் நுழைந்தால், வளைந்து நெளியும் சிறு பாதைகளின் புதிருக்குள் இருக்கிறாய், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று ஒரு வரி வரும். வடக்கே போனால் அதே வரி. தெற்கே திரும்பினால் அதே வரி. ஆனால் முதலில் நின்ற அறைக்குத் திரும்பியிருக்க மாட்டீர்கள்.

கிரவுத்தரை நான் மன்னித்துவிடுகிறேன். வடக்குப் பக்கமாகத் தொடங்கும் குகைப்பாதை வளைந்து வேறோர் அறையின் கிழக்கு வாசலில் போய் முடியலாம். குகையில் அது பொய் அல்ல. தவிர, அவர் ஒரு வழி வைத்திருந்தார். கையில் இருக்கும் பொருட்களை ஒவ்வோர் அறையிலும் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். கோல் கிடக்கும் அறை, சாவி கிடக்கும் அறை, கூண்டு கிடக்கும் அறை என்று ஆனதும் ஒன்றுபோலிருந்த அறைகள் தனித்தனி ஆகிவிடும். பிறகு தாளில் வரையலாம். 1977-இல் டான் உட்ஸ் இதை விரிவாக்கியபோது இன்னொரு புதிர்ப்பாதையைச் சேர்த்தார். அதில் எல்லா அறைகளும் வேறு வேறு. எப்படி வேறு என்றால், விவரிக்கும் வாக்கியத்தில் சொற்களின் வரிசை மட்டும் அறைக்கு அறை மாறும். வளைந்த சிறு பாதைகளின் புதிர், சிறு பாதைகளின் வளைந்த புதிர், இப்படி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவனுக்கு அதில் நியாயம் கிடைக்கும். அது குறும்பு, ஏமாற்று அல்ல.

ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்றால், அதே 1977-இல் அமெரிக்காவின் எம்ஐடி கல்விநிறுவனத்தில் இருந்த சிலர் தொடங்கிய ஸோர்க் என்ற சொல்விளையாட்டில். அதிலும் ஒரு புதிர்ப்பாதை, அதிலும் பொருளைப் போட்டு அடையாளம் வைக்கலாம். கூடவே ஒரு திருடனையும் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் அடையாளத்துக்குப் போட்டுவிட்டு வந்த பொருளை அவன் எடுத்துக்கொள்வான்; வேறு அறையில் போட்டுவிட்டும் போவான். அதாவது உங்கள் வரைபடத்தை நீங்கள் இல்லாதபோது திருத்துவான். இதைப் புத்திசாலித்தனம் என்று ரசிப்பவர்கள் இருக்கிறார்கள். மூடுபனியில் கவாத்து வெட்டாத துண்டை யாராவது ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிவைத்தால் அவர்கள் அதையும் ரசிப்பார்களா என்று தெரியவில்லை.

இவற்றையெல்லாம் நான் விளையாடியது பின்னாளில், வேலைக்குப் போன பிறகு. சிறுவயதில் எங்களிடம் இருந்தது 4-4 கோட்டையும் வெலிங்டன் பையன் ஒருவனும்தான். ராணுவக் குடியிருப்பில் இருந்தவன். அப்பாவுக்கு வடக்கே எங்கோ இருந்து மாற்றல். முந்தைய ஊரில் யாரோ சொன்ன விடை அவனிடம் இருந்தது. சும்மா சொல்வானா? ஒரு பொட்டலம் வர்க்கி கேட்டான். சூடாக வாங்கிவந்து கொடுத்ததும் கடையின் கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தான்: முதலில் மேலே, அடுத்து கீழே. அவ்வளவுதான். அந்தத் தாள் கைமாறி, படியெடுத்து, குன்னூர் முழுக்கச் சுற்றியது. கேசட்டில் தூசி என்ற கட்சி அன்றோடு ஓய்ந்தது.

பிறகு படித்தபோது தெரிந்தது, ஜப்பானிலும் இதே கதைதான். 1984-இல் நாம்கோ நிறுவனம் டவர் ஆஃப் துருவாகா என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. மசனோபு எண்டோ வடிவமைத்தது. 60 மாடி, மாடிக்கு ஒரு புதிர்ப்பாதை. பெரும்பாலான மாடிகளில் ஒரு புதையல் பெட்டி ஒளிந்திருக்கும். என்ன செய்தால் அது தோன்றும் என்பதை ஆட்டம் வாயே திறக்காது. சிலவற்றை எடுக்காமல் மேலே போனால் கடைசியில் முடிக்கவே முடியாது. ஆட்டக் கடைகளில் நோட்டுப் புத்தகம் வைத்தார்கள். கண்டுபிடித்தவர் எழுதிவைப்பார், அடுத்து வருபவர் படித்துக்கொள்வார். நின்டென்டோவின் மாரியோவுக்கு வழிகாட்டிப் புத்தகம் வந்து, 1986-இல் ஜப்பானில் மிக அதிகமாக விற்ற புத்தகங்களில் ஒன்றாக ஆனது. ஆட்டம் சொல்லாமல் விட்டதைச் சொல்வதே ஒரு தொழிலாயிற்று. வெலிங்டன் பையன் அந்தத் தொழிலின் நீலகிரிக் கிளை.

இனி, கோட்டைக்குள் என்னதான் நடந்தது என்பதற்கு வருகிறேன். சூப்பர் மாரியோ கேசட்டின் மொத்த அளவு 40 கிலோபைட்: நிரலுக்கும் லெவல்களுக்கும் 32, படங்களுக்கு 8. இன்றைக்குத் தொலைபேசியில் எடுக்கிற ஒரு படமே இதைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆர்வலர்கள் அந்த நிரலைப் பிரித்து, வரிக்கு வரி விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். புதிர்ப்பாதைக்கான பகுதியைத் தேடிப் படித்தேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் எழுந்து நடந்தேன்.

அங்கே புதிர்ப்பாதை என்று எதுவும் இல்லை. பதினொரு வரிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள்: எந்த உலகம், எத்தனையாவது பக்கம், மாரியோ எந்த உயரத்தில் நிற்க வேண்டும். எண்ணுக்கு ஒரு பைட்; ஆக மொத்தம் 33 பைட். நான்காம் உலகத்துக்கு இரண்டு வரி, ஏழாம் உலகத்துக்கு ஆறு, எட்டாம் உலகத்துக்கு மூன்று. குறிப்பிட்ட இடம் வந்ததும், மலைப்பாதை வளைவில் பஸ்ஸை நிறுத்தி ஏறும் டிக்கெட் பரிசோதகராக நிரல் ஒரு கேள்வி கேட்கிறது: இந்த ஆள் சரியான உயரத்தில் இருக்கிறானா? இருந்தால் போகலாம். இல்லாவிட்டால் நான்கு பக்கம் பின்னால் தள்ளிவிடுகிறது. ஒரு பக்கம் என்பது ஒரு திரை அகலம். ஓடுகிறவனுக்கு முன்னால் கோட்டை நீண்டுகொண்டிருப்பதாகத் தோன்றும். உள்ளே எண்ணிலிருந்து நான்கைக் கழித்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஒரு விதத்தில் மெச்சத்தான் வேண்டும். இடமே இல்லாத கேசட்டில் முடிவற்ற கோட்டையை 33 பைட்டுக்குள் கட்டியிருக்கிறார்கள். 8-4 கோட்டையின் மூன்று வரிகளில் எதிர்பார்க்கப்படும் உயரம் திரையின் அடிமட்டத்தில் இருக்கிறது. அங்கே யாராலும் நிற்க முடியாது. ஆகவே அங்கே நடப்பவர் எவரானாலும் தவறியவர்தான். சரியான குழாய்க்குள் இறங்குவது ஒன்றே வழி. இதெல்லாம் எனக்குச் சம்மதம்.

சம்மதமில்லாத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, உயரத்தோடு இன்னொன்றையும் அந்த நிரல் பார்க்கிறது: மாரியோ தரையில் கால் ஊன்றி நிற்கிறானா என்று. சரியான தளத்தில் வந்துகொண்டிருந்தாலும், அந்தக் கணத்தில் குதித்துக்கொண்டிருந்தால் தவறு என்றே கணக்கு. குதிப்பதற்கென்றே படைக்கப்பட்ட ஒருவனை, குதித்ததற்காகத் திருப்பி அனுப்புகிறார்கள். சோதிக்கும் இடத்தில் ஒரு கோடோ கம்பமோ கிடையாது. வர்க்கி கொடுத்து வாங்கிய விடை சிலருக்குப் பலித்து, சிலருக்குப் பலிக்காமல் போனதற்கும், வெலிங்டன் பையன் பொய்க்காரன் என்று பெயர் எடுத்ததற்கும் இதுவும் காரணமாக இருந்திருக்கும்.

இரண்டாவது இன்னும் மோசம். 7-4 கோட்டையில் மூன்று சோதனைகளைச் சேர்த்து ஒரு தொகுதியாக வைத்திருக்கிறார்கள். முதலாவதில் தவறினால் உடனே திருப்பி அனுப்புவதில்லை, போக விடுகிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் கடந்த பிறகு மூன்றும் சரியா என்று கூட்டிப் பார்த்து, ஒன்று குறைந்தாலும் பின்னால் தள்ளுகிறார்கள். எது தவறு என்று தெரியாது. ஒவ்வொரு சோதனைக்கும் மூன்று தளங்கள் என்று வைத்துக்கொள்வோம். தவறியதும் சொல்லியிருந்தால், மோசமான நிலையிலும் இடத்துக்கு மூன்றாக ஒன்பது முயற்சியில் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டதால் மூன்று பெருக்கல் மூன்று பெருக்கல் மூன்று, இருபத்தேழு. புதிர் அப்படியே இருக்கிறது. மௌனம் மட்டும்தான் அதை மும்மடங்கு ஆக்கியது. அந்தக் காலத்து விளையாட்டுகள் கடினமானவை என்று பெருமை பேசுகிறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: கடினத்தில் எவ்வளவு புதிர், எவ்வளவு மௌனம்?

வுல்ஃபென்ஸ்டைன் 3டி என்ற துப்பாக்கி விளையாட்டு பற்றியும் இரண்டு வார்த்தை. 1992-இல் வந்தது, அதை நான் பார்த்தது ஊட்டியில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில், மாலை வகுப்பு முடிந்த பிறகு. 64-க்கு 64 கட்டத்தில் வரைந்த லெவல்கள். வரைபடம் காட்டும் வசதி கிடையாது. வலக்கைச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தால் புதிர்ப்பாதையிலிருந்து வெளியே வந்துவிடலாம் என்ற பழைய விதி, சுவர்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும் இடத்தில் பலிக்கும். நடுவே தனித்து நிற்கும் தீவுச் சுவர் ஒன்றைத் தொட்டுவிட்டால் அதையே சுற்றிக்கொண்டிருப்போம். இந்த விளையாட்டில் அதோடு ரகசியச் சுவர்களும் உண்டு. தள்ளினால் பின்னால் நகரும், திரும்ப வராது. அதன் இரண்டாம் அத்தியாயத்தின் எட்டாவது தளத்தில் தள்ளுசுவர்களாலேயே ஆன ஒரு புதிர்ப்பாதை இருக்கிறது. ஆழத்தில் ஒரு பலகை: விளையாட்டை வெளியிட்ட அபோஜி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் ஆர்ட்வுல்ஃப் என்று சொல்லவும். போட்டிக்காக வைத்தார்கள், லெவலைத் திறந்து பார்க்கும் நிரல்கள் அதற்குள் பரவிவிட்டதால் போட்டியே நடக்கவில்லை. அந்தப் புதிர்ப்பாதையை நடந்து தீர்த்தவர்கள் மேல் எனக்கு அனுதாபம் உண்டு. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நியாயமான புதிர்ப்பாதை இருக்கவே முடியாதா என்றால், இருக்கிறது. செல்டா விளையாட்டின் முதல் பாகம் 1986-இல் வந்தது. அதில் ஒரு காடு. எந்தப் பக்கம் போனாலும் அதே மரங்கள், அதே திரை. வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்று போனால் மட்டும் அந்தப் பக்கம் வெளியேறலாம். மேலோட்டமாகப் பார்த்தால் 4-4 கோட்டையின் தம்பிதான். ஆனால் இரண்டு பெரிய வித்தியாசம். கிழக்கே நடந்தால் எப்போது வேண்டுமானாலும் வந்த வழியே வெளியே போய்விடலாம். அதோடு வழியைச் சொல்ல ஒரு கிழவி குகைக்குள் இருக்கிறாள். காசு கொடுத்தால் பேசுவாள். வர்க்கி கேட்காத வெலிங்டன் பையனை விளையாட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். புதிர் இருப்பது தெரிகிறது, விடை இருப்பது தெரிகிறது, விலையும் தெரிகிறது. பிறகு தேடுவதும் தேடாமல் விடுவதும் நம் பாடு.

1998-இல் வந்த ஆக்கரினா ஆஃப் டைம் விளையாட்டில் அந்தக் காட்டை மறுபடியும் கட்டினார்கள். ஒரு வெளி, அதிலிருந்து போகும் மரச் சுரங்கங்கள், எல்லாம் ஒன்றுபோலவே. தவறான சுரங்கத்தில் நுழைந்தால் முதல் இடத்துக்கே வந்துவிடுவீர்கள். ஆனால் ஒரு பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். சரியான சுரங்கத்தின் வாசலில் நின்றால் அது உரத்துக் கேட்கும். தவறான வாசலில் தேய்ந்துவிடும். இதைக் கோவையில் ஒரு நண்பன் வீட்டில் முதன்முதலாகப் பார்த்தபோது யாரும் எனக்கு எதையும் விளக்கவில்லை. ஃபேக்டரி இரைச்சலைக் கேட்டு மேகத்துக்குள் நடந்த பழக்கம். வாசலுக்கு வாசல் நின்று காது கொடுத்தேன், நேராக வெளியே வந்துவிட்டேன். நண்பன், ஏற்கெனவே விளையாடியிருக்கிறாய், மறைக்கிறாய் என்று சண்டைக்கு வந்தான்.

போன மே மாதம் சீசனுக்கு அக்கா மகள் வந்திருந்தாள். பத்து வயது. பழைய விளையாட்டுகளை அவள் தொலைபேசியிலேயே ஆடுகிறாள். தவறினால் விரலால் காலத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும் வசதியோடு. 4-4 கோட்டையில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, "மாமா, இது ஹேங் ஆகிவிட்டது" என்றாள். கேசட் இல்லாததால் ஊதிப் பார்க்கவும் வழியில்லை. இது புதிர் என்று மட்டும் சொன்னேன். அது போதுமாக இருந்தது. பின்னோக்கி இழுத்து இழுத்து, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டாள்.

7-4 கோட்டையில் அந்த வித்தை பலிக்கவில்லை. எந்த இடத்துக்கு இழுப்பது? தவறு எங்கே நடந்தது என்று தெரிந்தால்தானே இழுக்க முடியும். விடை சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஒன்றும் வேண்டாம், சும்மா இருங்கள்" என்று நோட்டை எடுத்து, மேல், நடு, கீழ் என்று மூன்று பத்தி போட்டுக் கோடு கிழித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பும்வரை முடிக்கவில்லை. நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனவே விடையை இங்கே எழுதிவைப்பதில் தடையில்லை. அவள் இவ்வளவு நீளமான தமிழைப் படிக்கப் போவதில்லை. முதல் தொகுதிக்குக் கீழ், நடு, மேல். அடுத்த தொகுதிக்கு மேல், நடு, மேல். போகும்போது தயவுசெய்து குதிக்காதீர்கள்.